லீவர் கைப்பிடி வரை போவது ஏன்?

சைக்கிளின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கை அழுத்தினால் லீவர் கைப்பிடியை முட்டப் பார்க்கிறது. பிளீட் செய்து காற்றை எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது, ஏன் என்று கேட்கிறார் ஒரு வாசகர். காற்றை எடுத்தும் சரியாகவில்லை என்கிறாரே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான். விசை எத்தனை மடங்கு பெருகுகிறதோ, அத்தனை மடங்கு தூரத்தை விரல் கொடுத்தாக வேண்டும். மேலே லீவருக்குள் 10 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன், கீழே சக்கரத்தருகே பேடுகளை அழுத்தும் காலிப்பரில் 22 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டு என்று வையுங்கள். பரப்பு விகிதம் சுமார் 9.7. லீவரின் நெம்புகோல் விகிதம் 5 என்றால், ஒவ்வொரு பேடுக்கும் (உரசிப் பிடிக்கும் கட்டை) ரோட்டாருக்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) நடுவே வெறும் 0.2 மி.மீ. இடைவெளி கூடினாலே விரல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அதிகம் போக வேண்டும்.

அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது எது? ஒரு ரப்பர் வளையம். இந்தப் பிரேக்கிலேயே மிக அழகான பாகம் அதுதான். காலிப்பரின் உள்சுவரில் வெட்டிய பள்ளத்தில், சதுரக் குறுக்குவெட்டுள்ள வளையம் பிஸ்டனை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். அழுத்தம் வந்து பிஸ்டன் நகரும்போது, பிடியை விடாமல் வளையமும் அதோடு சாய்கிறது. லீவரை விட்டதும் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேடு தேயத் தேய, சாயக்கூடிய அளவுக்குச் சாய்ந்தும் பேடு ரோட்டாரைத் தொடாது. அப்போது பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி ஒரு மயிரிழை முன்னே போகிறது. லீவரை விட்டால் வளையம் அதே பழைய தூரம்தான் இழுக்கும். ஆக, தேய்ந்த அளவு தானாகவே ஈடாகிவிடுகிறது. குறையும் ஆயில் மேலுள்ள தொட்டியிலிருந்து இறங்குகிறது. முன்னே தள்ளுவது, பின்னே இழுப்பது, தேய்மானத்தைக் கணக்கு வைப்பது, கசிவைத் தடுப்பது: நான்கில் மூன்று வேலை இந்த ஒரே வளையத்துடையது.

கோளாறும் இங்கேதான் பிறக்கிறது. பிஸ்டனின் பக்கவாட்டில் பிரேக் தூசு படிந்து காய்ந்துவிட்டால் வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்காது. வளையம் ஒவ்வொரு முறையும் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். இதை எத்தனை முறை பிளீட் செய்தாலும் பயனில்லை.

முதலில் சோதனை. லீவர் பஞ்சுபோல அமுங்கினால் காற்று. தாமதமாகப் பிடித்தாலும் கல்போல நின்றால் இடைவெளி. கரடுமுரடான பாதைக்குப் பின் முதல் அழுத்து மட்டும் ஆழமாகப் போனால், கோணிய ரோட்டாரோ ஆடும் ஹப்போ (சக்கரத்தின் மையப் பகுதி) பேடுகளைப் பின்னே தள்ளுகிறது.

இடைவெளிதான் என்றால் சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றுங்கள். லீவரை மெல்ல அழுத்தி பிஸ்டன்களை 2 முதல் 3 மி.மீ. வெளியே கொண்டுவாருங்கள், மேலே போனால் பிஸ்டன் கழன்று விழும், ஆயில் கொட்டும். பக்கவாட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, அந்தப் பிரேக்கின் அதே ஆயிலில் ஒரு சொட்டு தடவி, பிளாஸ்டிக் டயர் லீவரால் உள்ளே தள்ளுங்கள். மறுபடி லீவரை அழுத்தும்போது முந்தும் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு, பின்தங்குவதை மட்டும் நகரவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நகரும்வரை நான்கைந்து தடவை செய்ய வேண்டும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவமோ (கார்களில் ஊற்றும் பிரேக் திரவ வகை), டாட் பிரேக்கில் மினரல் ஆயிலோ பட்டால் வளையம் ஊதிக் கெட்டுவிடும். பிஸ்டன் முகப்பில் மிச்ச ஆயிலைத் துடைத்துவிட்டே பேடை மாட்டுங்கள். எண்ணெய் குடித்த பேடு பிடிக்காது.

சக்கரத்தை மாட்டி, லீவர் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். பிறகு காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே இறுக்கினால் காலிப்பர் நடுவில் வந்துவிடும்.

இரவு முழுக்க லீவரை ரப்பர் பேண்டால் கட்டிவைக்கும் வைத்தியம் எனக்கு அரை மூடநம்பிக்கை. லீவர் அழுந்தியிருக்கும்போது தொட்டிக்குப் போகும் துளை மூடியிருக்கும், குமிழி தொட்டிக்குள் நுழைய வழியே இல்லை. காலையில் விட்டதும் மேலே வந்து சேர்ந்த ஒன்றிரண்டு தப்பலாம், அவ்வளவுதான். வழுக்காத பிஸ்டனை அது ஒன்றும் செய்யாது.

பிளீட் செய்தே ஆக வேண்டுமென்றால், பிஸ்டன்களை முழுக்க உள்ளே தள்ளி பேடு இருக்கும் இடத்தில் பிளீட் பிளாக் என்ற கட்டையை வைத்துவிட்டுச் செய்யுங்கள். தேய்ந்த பேடோடு தொட்டியை நிரப்பினால், பிறகு புதுப் பேடு போடும்போது பிஸ்டனைத் தள்ள இடமே இருக்காது.