இரு முனைகளும் ஒரு கழித்தலும்

கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாத ரயில்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று அடுத்த நிலையத்தை அடைய இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புறப்பட்ட ந-ஆவது நொடியில் அதன் வேகம் நொடிக்கு ந(120 − ந)/180 மீட்டர். இது கணக்குக்காக நான் அமைத்த சூத்திரம். 60-ஆவது நொடியில் வேகம் உச்சம் தொடும்: மணிக்கு 72 கிலோமீட்டர். நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு?

வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே பெருக்கலில் விடை வராது. பயணத்தைப் பத்துப் பத்து நொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் தொடக்க வேகமே நீடிப்பதாகக் கொண்டு பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 1,589 மீட்டர். ஒரு நொடித் துண்டுகளாக்கினால் 1,599.9. துண்டுகள் சிறுக்கச் சிறுக்க இந்தக் கூட்டல் நெருங்கும் எல்லையே வரையறுத்த தொகையீடு.

மலேசியப் பள்ளியில் படிவம் 5 கூடுதல் கணித மாணவர் இப்படி நறுக்குவதில்லை. வகையிட்டால், அதாவது மாறும் வீதத்தைக் கண்டால், அந்த வேகத்தைத் தரும் சார்பைத் தேடுகிறார்: ந²/3 − ந³/540. 120-ஐ இட்டால் 4,800 − 3,200 = 1,600. 0-ஐ இட்டால் 0. தூரம் 1,600 மீட்டர். எண்ணற்ற துண்டுகளின் கூட்டல் ஒரே கழித்தலாக எப்படிச் சுருங்கியது? இதைச் சொல்லாமல் வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. காரணம் அவ்வளவு எளிது, அவ்வளவு அழகு.

ரயில் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்; மாணவர் தேடிய சார்பு சொல்வது அதைத்தான். சிறு துண்டு ஒன்றில் வேகத்தை நேரத்தால் பெருக்கினால், துண்டின் முடிவில் இருந்த இடத்துக்கும் தொடக்கத்தில் இருந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறையக் கிடைக்கிறது. ஒரு துண்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். எனவே எல்லாவற்றையும் கூட்டும்போது, நடுவிலுள்ள ஒவ்வோர் இடமும் ஒரு முறை கூட்டப்பட்டு, ஒரு முறை கழிக்கப்பட்டு அடிபட்டுப் போகிறது. மிஞ்சுபவை கடைசி இடமும் முதல் இடமும்தான். துண்டு சிறுக்கும்போது மொத்தப் பிழையும் பூச்சியத்தை நெருங்குகிறது. அந்தச் சார்போடு எந்த மாறா எண்ணைக் கூட்டினாலும் வகையிட்டால் அதே வேகம்தான் வரும்; அந்த மாறிலியை இங்கே எழுதாததும் இதனால்தான்: இரு முனைகளிலும் அது ஒரே அளவு, கழித்தலில் போய்விடும்.

நியூட்டனுக்கு முன் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்த ஐசக் பாரோ, 1670-இல் வெளியான நூலில் வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும் உள்ள இந்த உறவை வடிவியல் வழியாகக் காட்டினார். அதைக் கணக்கிடும் கருவியாக்கியவர்கள் நியூட்டனும் லைப்னிட்சும்.

ஒரு நிபந்தனை உண்டு. சார்பு இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 1/ந² என்ற சார்பை −1 முதல் 1 வரை கண்ணை மூடிக்கொண்டு தொகையிட்டால், அதாவது வகையிட்டால் அதைத் தரும் −1/ந-இல் இரு முனைகளையும் இட்டுக் கழித்தால், −2 வருகிறது. எங்குமே குறை எண்ணாகாத சார்புக்குக் குறை எண் தொகை! 0-ஐ நெருங்கும்போது அந்தச் சார்பு வரம்பின்றி உயர்கிறது. அடுத்தடுத்த துண்டுகளை இணைத்த கண்ணி அங்கே அறுந்துவிட்டது.