மெய்நிகர் வட்டு: சொல்லும் வேலையும்

கோவை, திருப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டரில் எது தீர்ந்தாலும் "மெமரி பத்தலீங்க" என்றுதான் சொல்வார்கள். கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிஸ்க் நிறைந்தாலும் மெமரிதான், ஓடும் வேலைக்குத் தற்காலிகமாக இடம் தரும் ரேம் திணறினாலும் மெமரிதான். செல்போனுக்கு மெமரி கார்டு வாங்கிப் பழகியதால் வந்த வழக்கம் இது. சாதாரணக் கம்ப்யூட்டரில் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டமில்லை. விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கி ஓடவிடும் இன்னொரு கணினியில், டிஸ்க்கைப் பெரிதாக்குவது ஒரு வேலை, ரேமைக் கூட்டுவது முற்றிலும் வேறு வேலை. ஏன் என்பதற்கு 'விர்ச்சுவல்' என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது.

லத்தீனில் 'விர்' என்றால் ஆண்மகன். அதிலிருந்து 'விர்ட்டுஸ்' வந்தது: ஆண்மை, ஆற்றல், மேன்மை. இடைக்கால லத்தீனில் அது 'விர்ச்சுவாலிஸ்' ஆனது. பெயரளவில் அந்தப் பொருளாக இல்லாவிட்டாலும், ஆற்றலிலும் பயனிலும் அதுவாகவே இருப்பது என்று பொருள் விரிந்தது. கணினிக்குள் இந்தக் கருத்து நினைவகத்தின் வழியாகத்தான் முதலில் நுழைந்தது. மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, வேகமான சிறு நினைவகத்தையும் மெதுவான உருளைச் சேமிப்பையும் ஒன்றுபோலக் காட்டியது. முழுக் கணினியையே இப்படிக் காட்டும் வேலையை 1960களில் ஐபிஎம் செய்தது. 1972-இல் அதன் விஎம்/370 அமைப்பு வந்தது. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒரு வரையறை எழுதினார்கள்: உண்மைக் கணினியின் நகல், திறம்பட இயங்குவது, பிறவற்றிலிருந்து தனித்து நிற்பது. நம் மேசைக் கணினிக்கு இது வந்து சேர 1999-இல் விஎம்வேர், 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள்கள் வரும்வரை காலம் பிடித்தது.

தமிழில் இதற்கு 'மெய்நிகர்' என்ற சொல் நிலைத்துவிட்டது. மெய்க்கு நிகரானது, உண்மைக்கு ஈடாக நிற்பது. 'மாய' என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு, ஆனால் மாயம் என்றால் ஒன்றுமே இல்லை என்றல்லவா ஆகிறது? உள்ளே கணக்கு ஓடுகிறது, பில் அச்சாகிறது. 'போலி' இலக்கணத்தில் நல்ல சொல்தான். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று செய்தி படித்துப் பழகிய காதுக்கு இனி அது ஆகாது.

'நிகர்' பழைய சொல். தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு எட்டு உருபுகளைச் சொல்கிறது. 'நிகர்ப்ப' வருவது மெய் உவமத்தில். அங்கே மெய் என்றால் வடிவம். வம்புக்காரப் புலவர் ஒருவர் பார்த்தால், விர்ச்சுவல் மெஷினுக்கு வடிவமே கிடையாதே, அது வினையாலும் பயனாலும்தானே கணினியை ஒத்திருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெய்யை உண்மை என்று எடுத்துக்கொண்டால் சொல் தப்பித்துக்கொள்கிறது.

டிஸ்க்குக்கு 'வட்டு'. 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்று கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில் வருவது ஆட்டக்காய். வட்டம், வட்டில், வட்டு எல்லாம் ஒரு குடும்பம். இன்றைய எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டே இல்லாத சிப் சேமிப்பில், வட்டமாக எதுவும் இல்லை. மெய்நிகர் வட்டு அதைவிட ஒருபடி மேல், அது வெறும் கோப்பு. வெளிக்கணினியின் ஒரு ஃபோல்டரில் விடிஐ என்றோ விஎம்டிகே என்றோ வாலைக் கட்டிக்கொண்டு கிடக்கும். வெளிக்கணினியை ஓம்புநர் என்றும் உள்ளே ஓடுவதை விருந்தினர் என்றும் சொல்கிறார்கள். விருந்தோம்பலைப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தது போலிருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

விருந்தினர் அமைப்புக்குத் தான் ஒரு கோப்புக்குள் இருப்பது பொருட்டே இல்லை. அதன் கணக்கில் அது மெய்யான வட்டு. அதனால்தான் வட்டைப் பெரிதாக்கும் வேலை இரண்டு முறை நடக்க வேண்டும்: வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை. காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. பக்கத்துப் பூமியை வாங்கிப் பத்திரம் பதிந்தாயிற்று. பழைய கிளுவை வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் மாடு வேலிக்கு இந்தப்புறம்தான் மேயும்.

பனியன் கம்பெனி ஆபீசில், பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்காகவே ஒரு விண்டோஸை விர்ச்சுவல்பாக்ஸில் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விர்ச்சுவல் மீடியா மேனேஜரில் 25 ஜிபியை 60 ஜிபி ஆக்கியாயிற்று. உள்ளே போய் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் சி டிரைவ் அதே 25-இல் நிற்கும், வலக்கோடியில் 35 ஜிபி 'அன்அலகேட்டட்' என்று கறுப்புப் பட்டையோடு தெரியும். சி-யை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் சரி. விண்டோஸ் 10 போன்றவற்றில் அந்த வரி மங்கிக் கிடந்தால், நடுவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: பெரும்பாலும் சில நூறு எம்பி அளவுள்ள ரெகவரி பார்ட்டிஷன், அதாவது விண்டோஸைப் பழுது பார்க்க டிஸ்க்கில் தனியே பிரித்து வைத்த பகுதி. காலியிடம் சி-யை ஒட்டி இருந்தால்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். நடுவில் இருப்பதை நகர்த்தவோ நீக்கவோ வேண்டும்.

பார்ட்டிஷனுக்குப் பிரிவினை, வகிர்வு என்றெல்லாம் எழுதுகிறார்கள். பாகப்பிரிவினை நடக்காத தோட்டம் கொங்கு நாட்டில் ஏது? 'பாகம்' என்றால் போதும் என்பது என் கட்சி. 'எக்ஸ்டெண்ட்' என்பதற்கு 'நீட்டித்தல்' என்கிறார்கள், ஆனால் அது கெடு தேதிக்குப் பொருந்துகிற சொல். வட்டைப் பெரிதாக்கு, பாகத்தை விரி என்று எழுதினால் எந்த இடத்தில் எந்த வேலை என்பதும் தெரியும்.

லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) என்று கட்டளை தட்டினால் வட்டு 60, பாகம் 25 என்று பச்சையாகத் தெரிந்துவிடும். அங்கே உள்வேலையும் இரண்டு: 'குரோபார்ட்' (growpart) பாகத்தை விரிக்கும், அப்புறம் பாகத்துக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையைத் தனியாக விரிக்க வேண்டும். அந்த முறைமை இஎக்ஸ்டி4 வகை என்றால் 'ரீசைஸ்2எஃப்எஸ்' (resize2fs), எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் 'எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ்' (xfs_growfs). இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். உபுண்டு சர்வர் என்ற லினக்ஸை எல்விஎம் (இடத்தை ஒன்றாகத் திரட்டி வேண்டியபடி பங்கிடும் முறை) போட்டு நிறுவியிருந்தால் முதலில் காலியிடத்தை உள்ளேயே தேடுங்கள். நிறுவும்போதே கணிசமான இடத்தைப் பங்கிடாமல் விட்டுவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

வேலைக்கு முன் மெய்நிகர் வட்டின் கோப்பை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும். மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்தோமே, போதாதா என்று கேட்கக் கூடாது. ஸ்னாப்ஷாட் இருந்தால் விஎம்வேர் வட்டைப் பெரிதாக்கவே விடாது. இன்னொன்று, 'டைனமிக்' வகை வட்டு 60 ஜிபி என்று சொல்லிக்கொண்டாலும் எழுதிய அளவுக்குத்தான் வெளியே இடம் பிடிக்கும். வெளிக்கணினியில் 10 ஜிபிதான் காலி என்றால், உள்ளே 35 ஜிபி காலி என்று காட்டுவதை நம்பி இறங்கக் கூடாது, பாதியில் நின்றுவிடும்.

நினைவகத்தில், அதாவது ரேமில், கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் இந்த வாக்குறுதிக்கு அவ்வளவு இடமில்லை. வீட்டுக் கணினியில் விருந்தினருக்கு 4 ஜிபி கொடுத்தால், அது பயன்படுத்துகிற அளவு ஓம்புநரின் ரேம் பலகையிலிருந்துதான் போகிறது. அதனால் வட்டுக்குப் 'பெரிதாக்கு' என்பது போல நினைவகத்துக்குக் 'கூட்டு' என்ற சொல்லே பொருந்தும்: ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கூட்டுகிறோம். மெஷினை நிறுத்திவிட்டு செட்டிங்ஸில் அளவை மாற்றித் திரும்ப ஓடவிட்டால் முடிந்தது. உள்ளே வேலி நகர்த்தும் வேலை கிடையாது. 8 ஜிபி உள்ள கணினியில் விருந்தினருக்கு 6 கொடுத்தால், ஓம்புநர் வட்டிலிருந்து கடன் வாங்கி ஓடத் தொடங்கி இரண்டுமே நொண்டும். பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் கொடுப்பது வீண். அதிலும் சுமார் 3 சொச்சம்தான் அதன் கைக்குப் போய்ச் சேரும்.