வெண்பனியைக் கமரா ஏன் சாம்பலாக்குகிறது?

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சுவிஸில் இருக்கும் அக்கா மகன், கூட்டாளிமார் பனிச்சறுக்கு விளையாடும் படங்களை வட்சப்பில் அனுப்புகிறான். நல்ல வெயில் என்கிறான். படத்தில் பார்த்தால் பனி சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, ஆட்களின் முகமும் கறுத்துப் போயிருக்கிறது. கமரா பழுதா, அல்லது அவனுக்கு எடுக்கத் தெரியவில்லையா?”

கமரா பழுதில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை அது ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. பையன் அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட்டான், அவ்வளவுதான். நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனியைப் படம் பிடிக்க விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

பனி வெள்ளையாக இருக்கும் காரணம் பாடசாலைப் பாடம்தான். ஒரு தனிப் பனிக்கட்டித் துணுக்கு கண்ணாடி போலத் தெளிவானது. அதன் ஒரு முகத்தில் நேராகப் படும் ஒளியில் ஏறக்குறைய 2 வீதம் மட்டுமே திரும்பும். தூளாக விழுந்த பனியிலோ இத்தகைய முகங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. ஒளி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தெறித்து, கொஞ்சம் வளைந்து, கடைசியில் மேலேயே வந்துவிடுகிறது. வழியில் எந்த நிறமும் பெரிதாக உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 வீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இனிதான் சுவையான இடம். கமராவின் ஒளிமானியால் அளக்க முடிந்தது ஒன்றே ஒன்று: லென்ஸ் வழியாக உள்ளே வரும் ஒளி எவ்வளவு என்பது. அந்த ஒளி இரண்டு கணியங்களின் பெருக்கம். பொருளின் மேல் விழும் ஒளி ஒன்று, அதில் எத்தனை வீதத்தைப் பொருள் திருப்புகிறது என்பது மற்றது. மானி 90 அலகு காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 அலகு ஒளியில் கிடக்கும், 90 வீதம் திருப்பும் பனியாக அது இருக்கலாம். 500 அலகு ஒளியில் கிடக்கும், 18 வீதம் திருப்பும் புல்லாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் விடை 90. தெரியாக் கணியம் இரண்டு, சமன்பாடு ஒன்று. இதைத் தீர்க்க முடியாது என்று சாதாரண தரப் பிள்ளையே சொல்லிவிடும்.

கமரா தீர்த்துவிடுகிறது. எப்படி? ஒரு கணியத்தைத் தானே முடிவு செய்துகொண்டு. முன்னால் இருப்பது எதுவானாலும் அது சராசரியாக 18 வீதம் ஒளியைத் திருப்புகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஒளிப்படக்காரர்கள் ‘நடுச்சாம்பல்’ என்பது இந்த அளவைத்தான். இது முட்டாள்தனமான ஊகம் இல்லை. தேயிலை மலை, செம்மண் பாதை, மரம், ஆட்கள், உடுப்பு எல்லாம் கலந்த சாதாரணக் காட்சி அந்த அளவுக்கு அருகில்தான் வரும். அதனால் நமது மலைகளில் ஓட்டோ முறையில், அதாவது கணக்கைக் கமராவிடமே விட்டு, எடுத்த படம் பெரும்பாலும் சரியாகவே விழுகிறது.

பனி மூடிய சரிவில் ஊகம் ஐந்து மடங்கு தவறுகிறது, ஏனெனில் 90ஐ 18ஆல் வகுத்தால் 5. “இங்கே வெயில் ஐந்து மடங்கு கொளுத்துகிறது” என்று எண்ணிக்கொண்டு கமரா ஒளியை ஐந்திலொரு பங்காகக் குறைக்கிறது. பனி நடுச்சாம்பலாகிறது. ஏற்கெனவே பனியைவிட மங்கலாக இருந்த முகமும் அதே ஐந்திலொன்றுக்கு இறங்கிக் கறுத்துப் போகிறது. கறுப்புப் பொருளுக்கு இதே தவறு தலைகீழாக நடக்கும். வெள்ளைப் படுக்கை விரிப்பையும் கறுப்புக் குடையையும் ஒரே வெளிச்சத்தில், படம் முழுவதையும் அடைக்கும்படி, பழைய கமரா ஒன்றில் ஓட்டோ முறையில் எடுத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வரும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான பௌதிகச் செய்முறை கிடையாது.

நமது பாடசாலை வகுப்புப் படங்களிலும் இதுதான் நடக்கிறது. நாற்பது பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் நின்றால் படச்சட்டம் பாதிக்கு வெள்ளை. கமரா இருட்டடிக்க, பிள்ளைகளின் முகம் அடையாளம் தெரியாமல் போகிறது. பழி பிள்ளைகளின் நிறத்தின்மேல் விழுகிறது. பிறகு முகத்துக்குப் பவுடர் பூசி நிறுத்துகிறார்கள். பவுடர் வேண்டாம். கட்டட நிழலில், திறந்த வானத்தைப் பார்க்க நிறுத்தி, எக்ஸ்போஷரை, அதாவது கமரா உள்ளே விடும் ஒளியின் அளவை, +0.7 அல்லது +1 ஏற்றினால் போதும்.

பனிக்கு எவ்வளவு ஏற்றுவது? +1 என்பது ஒரு ஸ்டொப், அதாவது ஒளி இருமடங்கு. ஐந்து மடங்கு என்பது 2.3 ஸ்டொப். ஆனால் முழுவதையும் ஏற்றக் கூடாது. சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் மேடுகள் மற்ற இடத்தைவிடப் பிரகாசமானவை, அவை வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். சட்டம் முழுக்கப் பனி என்றால் +1.5 முதல் +2, பாதி பனி என்றால் +1 என்று தொடங்கலாம். வெயிலில் கமராத் திரையைப் பார்த்து முடிவெடுப்பது வீண் வேலை. கண் சுருங்கியிருக்கும், எல்லாப் படமும் இருட்டாகவே தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. பனியின் மேடு வலப்பக்கமாக இருக்க வேண்டும், வலது சுவரில் முட்டக் கூடாது. மேடு நடுவில் நின்றால் பனி சாம்பல் என்று அர்த்தம்.

போனில் எடுப்பவர்கள் பனியின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுக்க வேண்டும். புதிய போன்கள் காட்சியைப் பார்த்து இது பனி என்று தாமே கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கின்றன.

ஓடுகிற ஆளை எடுக்கும்போது மேலதிகமாக ஒரு தொல்லை இருக்கிறது. நண்பர் தூரத்தில் சிறு புள்ளியாக இருக்கும்போது சட்டம் முழுக்கப் பனி. கிட்டே வரும்போது அவருடைய கருநீலச் சட்டை பாதியை அடைத்துவிடும். வெயில் மாறவே இல்லை, ஆனால் கமரா படத்துக்குப் படம் கணக்கை மாற்றும். ஆகவே அளவுகளை நாமே வைக்கும் மனுவல்தான் நல்லது. வெயில் காயும் பனிக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸின் துவார அளவு) 5.6, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/2000 செக்கன் என்று வைத்து ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமைப் பார்த்துச் சற்றுத் திருத்திக்கொண்டால் மேகம் வரும்வரை தொடத் தேவையில்லை. பலர் மறப்பது ஒன்று: மனுவலில் வைத்தும் ஓட்டோ ஐ.எஸ்.ஓ. திறந்திருந்தால் கமரா பின்கதவால் அதே வேலையைச் செய்யும். அதை அணைத்துவிடுங்கள்.

சட்டென்று ஒரு அளவு வேண்டுமென்றால் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதே வெயிலில் நீட்டி அளந்து, அதிலிருந்து +1 ஏற்றலாம். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டொப் வெளிச்சமானது, ஆளுக்கு ஆள் முகநிறம் மாறும் அளவுக்கு அது மாறுவதும் இல்லை.

1/2000 எதற்கு? மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சறுக்குபவர் செக்கனுக்கு 11 மீற்றர் கடக்கிறார். 1/250இல் நாலரைச் சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார், படம் கலங்கும். 1/2000இல் அரைச் சென்ரிமீற்றர்தான், பறக்கும் பனித்துகள்கூட நின்றுவிடும்.

அந்தத் துகள்களுக்காகத்தான் தூள்பனி நாளில் எல்லோரும் கமராவைத் தூக்குகிறார்கள். சறுக்குபவர் திரும்பும்போது வளைவின் வெளிப்பக்கமாகப் பனி விசிறி போல எழும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்தால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளைத்தூள், ஒன்றுமே தெரியாது. சூரியன் சறுக்குபவருக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். பின்னணியில் நிழல் விழுந்த ஊசியிலைக் காடு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரிய துகள்கள் தம்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை முன்பக்கமாகவே, அது போய்க்கொண்டிருந்த திசையை ஒட்டியே சிதறடிக்கின்றன. லயத்துத் தகரத்தின் ஆணி ஓட்டையால் வரும் வெயிலில் தூசி மின்னுவதும் இதே கணக்கில்தான். ஓட்டைக்கு எதிரே நின்று பார்த்தால் பளிச்சென்றிருக்கும், ஓட்டையின் பக்கமிருந்து பார்த்தால் மங்கிவிடும். சூரியன் எதிரே இருக்கும்போது முகம் நிழலில் விழுகிறது. ஒரு ஸ்டொப் கூட்டிக்கொள்ளுங்கள். கீழேயிருக்கும் பனி மேல்நோக்கித் தெறிக்கும் ஒளியால் மிச்சம் நிரம்பிவிடும்.

சிதறல் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடலாம். மலைநாட்டில் பனிமூட்டத்துக்குள் இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதப்பதைப் பார்த்து ஆவி, முனி என்று பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் நீர்த்துளி ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாக விரிகிறது. போனில் ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் முனிக்கு அங்கே வசதி அதிகம். ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி எடுத்துக் காட்டினால் பூசைச் செலவு மிஞ்சும்.

குவியம் பற்றி இரண்டு வார்த்தை. வெறும் பனியில் ஓட்டோ ஃபோகஸ் பிடிக்க விளிம்பு இல்லாமல் அலையும். ஆளின் சட்டை நிறமாக இருந்தால் பிடித்துக்கொள்ளும், எழும் தூள் குறுக்கே வந்தால் தூளைப் பிடித்துவிடும். திரும்பப்போகும் இடத்தை முன்கூட்டியே பேசி, அந்தத் தூரத்துக்குக் குவியத்தைப் பூட்டிவிட்டுத் தொடர்படமாக அடிப்பது நிச்சயமான வழி. ஒரு சரிவுக்கு ஒரே வாய்ப்புத்தான், தடம் விழுந்த பனி திரும்ப வெறுமையாகாது. ஆகவே படம் எடுப்பவர் ஓரமாகவே இறங்க வேண்டும், மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குப் படும் இடத்தில் நிற்க வேண்டும். சரிவின் நேர் கீழே நிற்பது, பனிச்சரிவு வந்தால் உயிருக்கே ஆபத்து.

நிழல் நீலமாக வருவதும் கமராவின் குற்றமில்லை. நிழலுக்கு நேர்வெயில் கிடையாது, நீல வானத்தின் ஒளி மட்டுமே கிடைக்கிறது; வெள்ளைப் பனி அதை அப்படியே காட்டுகிறது. டிசம்பர் கடைசியில் சூரிச்சில் நண்பகலிலும் சூரியன் அடிவானிலிருந்து 19 பாகைதான் ஏறும். ஆறடி ஆளுக்குப் பதினேழு அடி நிழல். நுவரெலியாவில் அதே நாளில் 59 பாகைக்கு மேல். ஒளியின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் வைட் பலன்ஸை வெயில் அளவில் வைத்துவிட்டு, அந்த நீலத்தை விட்டுவிடுங்கள். அதைத் துடைத்தெறிந்த படத்தில் குளிரே இருக்காது.

நமது உறைபனிக்கு வருவோம். வானம் தெளிந்து காற்றடங்கிய இரவில் புல் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. இலை 0 பாகைக்குக் கீழே போனதும் காற்றிலிருக்கும் நீராவி நேரடியாக இலைமேல் பளிங்காகப் படிகிறது. வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை. குளிர்காற்று பாரமானது, பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் மேட்டை விட்டுவிட்டுப் புல்வெளித் தாழ்விலும் அம்பேவல மேய்ச்சல் நிலத்திலும் ஹோட்டன் சமவெளியிலும் அது கூடுதலாகத் தெரிகிறது. வானிலை நிலையத்து வெப்பமானி மார்பளவு உயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 பாகை காட்டும்போதே தரையில் கொழுந்து கருகிக்கொண்டிருக்கலாம். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் புல் மட்டத்தில், இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் இழிவு வெப்பமானி ஒன்றை வைத்துப் பிள்ளைகள் குறித்து வந்தால், மரக்கறி செய்பவர்களுக்கும் தேயிலைக்கும் உதவும் தரவு சில வருடங்களில் சேர்ந்துவிடும். பெரிய ஆய்வுகூடத்துக்குக் காசில்லை என்று கைவிரிப்பவர்கள் இந்தச் சில்லறையையாவது ஒதுக்கலாம்.

உறைபனியினூடே புல் தெரிவதால் அது தூள்பனி அளவுக்கு வெள்ளையில்லை. +0.7 அல்லது +1 போதும். சூரியன் ஆறரை மணியளவில் எழுந்தாலும் மலைமறைவைத் தாண்டிப் பள்ளத்துக்கு வரக் கூடுதல் நேரமாகும். அதுவரை எல்லாம் நீலம். வெயில் தொட்டதும் எதிரொளியில் பளிங்குகள் மின்னும், சில நிமிடங்களில் உருகிவிடும். தரையோடு தரையாகக் கமராவை வைத்து, சூரியனைப் பார்த்தபடி எடுங்கள். லென்ஸின்மேல் ஊதவேண்டாம், மூச்சு அப்படியே உறையும். ஒருவருடைய உருளைக்கிழங்குப் பாத்திக்குள் இறங்குமுன் கேட்டுவிட்டு இறங்குங்கள்; உங்களுக்கு அழகாகத் தெரிவது அவருக்குப் போன விளைச்சல்.

குளிரில் பட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். மேலதிகமாக ஒன்றைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். இறங்கியதாகக் காட்டிய பட்டரிகூடச் சூடேறியதும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். சில்லிட்ட கமராவோடு நேரே அடுப்பங்கரைக்குள் போனால் கேத்தலின் ஆவி லென்ஸின் உட்புறம்வரை வியர்க்கும். உள்ளே போகுமுன், வெளியிலேயே, கமராவைச் சிப் வைத்த பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி மூடுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். மூடுமுன் மெமரி கார்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் படங்களைப் பார்த்துவிடலாம்.