பிடரியில் 15 இலக்கம்: தொலைந்த நாயை வீடு சேர்க்கும் சிப் எப்படி வேலை செய்கிறது?

தீபாவளிக்கு மறுநாள் காலை சென்னையில் எந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் ஒரு நாயின் படமாவது இருக்கும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டது, கடைசியாக இந்தத் தெருவில் பார்த்தோம், யாராவது கண்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலிருந்தும் அப்படி ஒரு படம் போனது. என் தங்கை வளர்க்கும் மீனு, பழுப்பு நிற நாட்டு நாய், முதல் சரவெடிக்கே கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். பெயரும் போன் நம்பரும் பொறித்த தகடு, பட்டையோடு சேர்ந்து வாசல் கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மளிகைக் கடைக்காரர் அவளைக் கடைப் படிக்குக் கீழே பார்த்து, பிஸ்கட் போட்டு, ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த கால்நடை கிளினிக்கில் விட்டிருக்கிறார். அவள் யார் வீட்டு நாய் என்று சொல்ல அவளிடம் அப்போது மிச்சம் இருந்தது தோலுக்கடியில் கிடந்த ஒரு மைக்ரோசிப் மட்டும்தான்.

இந்தச் சிப்பைப் பற்றிப் பலரும் முதலில் நினைப்பது, அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் என்பது. காட்டாது. இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவிக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பிடிக்க ஓர் ஆன்டெனா வேண்டும், இடத்தை நமக்குச் சொல்ல மொபைல் நெட்வொர்க் வேண்டும், இரண்டுக்கும் பேட்டரி வேண்டும், அந்தப் பேட்டரியைச் சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். தோலுக்குள் இருக்கும் சிப்பில் பேட்டரியே கிடையாது. நாயின் ஆயுள் முழுக்க அது தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அந்த ஒரு கணம் விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு, ஸ்கேனரை எடுத்ததும் மறுபடி தூங்கிவிடும். பேட்டரி இல்லாத ஒன்று எப்படி விழிக்கிறது, எப்படிப் பேசுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சிப்பை அரிசி அளவு என்பார்கள். பொன்னி அரிசியை நினைத்துக்கொள்ளாதீர்கள், வெந்த பாஸ்மதி அரிசி என்றால் சரியாக இருக்கும். வழக்கமான சிப் சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். 8 மில்லிமீட்டரில் சின்னதும் வருகிறது. வெளியே உடலோடு ஒத்துப்போகும் கண்ணாடிக் குழாய், இரு முனையும் உருக்கி மூடியது. உள்ளே காந்தப்புலத்தைக் குவிக்கும் ஒரு குட்டி ஃபெரைட் கம்பி, அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி நூற்றுக்கணக்கான சுற்று, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறிய கெப்பாசிட்டர், எள்ளை விடச் சிறிய ஒரு சிலிக்கான் துண்டு. அவ்வளவுதான்.

டாக்டர் கையில் இருக்கும் ஸ்கேனருக்குள்ளும் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் அந்தச் சுருளில் மின்னோட்டம் நொடிக்கு 1,34,200 முறை அலைகிறது, அதாவது 134.2 கிலோஹெர்ட்ஸ், அதைச் சுற்றி அதே வேகத்தில் ஒரு காந்தப்புலமும் அலைகிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த விஷயம் இது. வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இதனால்தான். சிப்புக்குள் இருக்கும் சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இந்த 134.2 கிலோஹெர்ட்ஸ் அதிர்வுக்கென்றே பொருத்தி வைக்கப்பட்டவை. பழைய ரேடியோவில் முள்ளைத் திருப்பித் திருப்பி ஒரு நிலையத்தைப் பிடிப்போமே, அந்த வேலையைச் சிப்புக்குத் தொழிற்சாலையிலேயே ஒரே முறை செய்து முடித்துவிட்டார்கள். அதனால்தான் தோலுக்கும் ரோமத்துக்கும் அந்தப் பக்கம் இருந்து வரும் பலவீனமான புலமே சிலிக்கானை எழுப்பப் போதுமானதாகிறது.

எழுந்துவிட்டது, சரி. பதில் சொல்ல வேண்டுமே. ரேடியோ நிலையம் மாதிரி சொந்தமாக அலை பரப்ப அதற்குச் சக்தி இல்லை. அதனால் வேறு ஒரு வழியைப் பிடிக்கிறது. கிராமத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு லேசாக மங்கும், அணைத்தால் பழையபடி எரியும். பல்பைப் பார்த்தே மோட்டார் ஓடுகிறதா என்று சொல்லிவிடலாம். சிப் செய்வதும் இதுதான். ஸ்கேனரின் காந்தப்புலத்திலிருந்து ஒரு கணம் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சுகிறது, அடுத்த கணம் குறைவாக. தன் சுருளில் ஏறி இறங்கும் அந்தச் சுமையின் தாளத்தை ஸ்கேனர் உணர்ந்து, 0, 1 என்று எழுதிக்கொள்கிறது.

இந்தப் பேச்சுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற இரண்டு சர்வதேசத் தரநிலைகள் அதை வகுத்திருக்கின்றன. ஒரு முழு வாக்கியம் 128 பிட், அதாவது 0, 1 என்ற எழுத்துகள் 128. சொல்லி முடிக்க ஒரு நொடியில் முப்பத்துமூன்றில் ஒரு பங்குதான் ஆகும், பிறகு மறுபடி முதலிலிருந்து, ஸ்கேனர் பக்கத்தில் இருக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஸ்கேனர் நடுவில் கேட்கத் தொடங்கினால் வாக்கியம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் தொடர்ந்து பத்து 0, அப்புறம் ஒரு 1 வரும். எண்ணுக்குள்ளேயே தற்செயலாகப் பத்து 0 தொடர்ந்து வந்துவிட்டால் குழப்பமாகிவிடும் இல்லையா, அதற்காக ஒவ்வொரு எட்டு பிட்டுக்குப் பிறகும் கட்டாயமாக ஒரு 1 சொருகியிருக்கிறார்கள். எண்ணில் என்ன இருந்தாலும் பத்து 0 சேர்ந்து வரவே முடியாது. எண் முடிந்ததும் 16 பிட்டில் ஒரு சரிபார்ப்புத் தொகை. இடையில் ஒரு பிட் தவறாகக் கேட்டிருந்தாலும் தொகை ஒத்துப்போகாது, ஸ்கேனர் அந்த வாசிப்பைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் கேட்கும். அதனால் ஸ்கேனர் எண்ணைக் காட்டாமல் போகலாம், ஆனால் தப்பான எண்ணைக் காட்டுவது மிக மிக அரிது.

திரையில் வருவது 15 இலக்கம். முதல் மூன்று நாட்டின் குறியீடு (இந்தியாவுக்கு 356), அல்லது 9-இல் தொடங்கினால் சிப் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. மீதி 12 இலக்கத்துக்கு 38 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு குறியீட்டுக்குக் கீழும் 27,487 கோடிக்கு மேல் எண்கள் கிடைக்கும். நாயின் பெயர், உரிமையாளர் பெயர், முகவரி எதுவும் சிப்பில் இல்லை. எண் மட்டும்.

ஏன் இவ்வளவு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், சுங்கச்சாவடியில் காரின் ஃபாஸ்டேக்கைச் சில மீட்டர் தூரத்திலிருந்தே படித்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். ஃபாஸ்டேக்கிலும் பேட்டரி இல்லைதான், ஆனால் அது வேலை செய்வது 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அந்த அதிர்வெண்ணில் போகும் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், நாயின் உடம்பிலோ பெரும்பகுதி தண்ணீர்தான். 134.2 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குத் தோலும் சதையும் இருப்பதே தெரியாது, நேராக ஊடுருவிப் போகும். அதற்கு விலையாகத் தூரத்தை இழக்கிறோம். இந்தப் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது, தூரம் இரண்டு மடங்கானால் பலம் எட்டில் ஒரு பங்கு. அதனால் கையில் பிடிக்கும் ஸ்கேனர்கள் பொதுவாகப் பத்து, பதினைந்து சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் படிக்கும்.

தூரம் மட்டுமல்ல, திசையும் முக்கியம். சுருளின் அச்சு புலத்தின் கோடுகளுக்கு இணையாக இருந்தால் நன்றாக மின்சாரம் பிறக்கும், குறுக்காகப் படுத்திருந்தால் பக்கத்திலேயே இருந்தாலும் ஒன்றும் கேட்காது. உலோகச் சங்கிலி, உலோக மேசை, சில மின்கருவிகள் எல்லாம் புலத்தைக் கெடுக்கும். ஆகவே ஸ்கேனரை உடம்பை ஒட்டி மெதுவாக, கோணத்தை மாற்றி மாற்றி, ஒரு முறைக்கு இரண்டு முறை ஓட்ட வேண்டும். மீனுவின் கதை இங்கேதான் தடுக்கி விழப் பார்த்தது. டாக்டர் பிடரியில், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், சிப் போடும் வழக்கமான இடத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார். சத்தமே இல்லை. “சிப் இல்லைபோல, போட்டோ எடுத்துக் குரூப்புல போட்டுடும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார். அங்கே உதவிக்கு இருந்த அக்கா, “ஒரு நிமிஷம் டாக்டர், காலு பக்கமும் பாத்துடறேன்” என்று சொல்லி ஸ்கேனரை இடது தோள் வழியாகக் கீழே இறக்க, முன்னங்காலின் மேல்பகுதியில் ‘பீப்’ என்றிருக்கிறது. மீனு அந்தச் சத்தத்துக்கும் நடுங்கினாள் என்று பிறகு அந்த அக்கா எங்களிடம் சொன்னார்.

சிப் தோலுக்கடியில் நகர்வது உண்டு. போட்ட சில வாரங்களில் சுற்றிலும் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும், இதற்கென்றே பல சிப்களில் ஒரு பாலிமர் பூச்சும் இருக்கும், இருந்தும் சிலவற்றில் அது தோளுக்கோ காலுக்கோ இறங்கிவிடும். நாய்க்கு அதனால் வலி இல்லை. போடும்போது வலிக்குமா என்றால், ஊசி ரேபிஸ் ஊசியை விடத் தடிமனானது, ஒரு நொடி சுருக்கென்று இருக்கும், மயக்க மருந்து தேவையில்லை. ஆய்வகத்து எலிகளில் சிப்பைச் சுற்றிக் கட்டி வந்த ஆய்வுகள் உண்டு, நாய் பூனைகளில் அப்படிப்பட்ட சம்பவங்கள் மிக மிக அரிதாகவே பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு விலங்குகள் சிப்போடு நடமாடுகிற நிலையில், தொலைந்துபோகும் ஆபத்தோடு ஒப்பிட்டால், எனக்கு இதில் தயக்கம் இல்லை. தமிழ்நாட்டுக் கோவில் யானைகளுக்கும் சிப் இருக்கிறது, அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் கடலுக்குப் போய்த் திரும்பும் சால்மன் மீன்களைக்கூட இதே வகைச் சிப் வைத்துத்தான் எண்ணுகிறார்கள்.

‘பீப்’ வந்ததும் கதை முடியவில்லை. 15 இலக்கத்தை வைத்து, எந்தச் சிப் யாருடையது என்று குறித்து வைத்திருக்கும் பதிவேட்டில் தேடி, அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தங்கை வேலை மாறியபோது அந்த சிம்மை விட்டுவிட்டாள், பதிவேட்டில் மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. நல்ல காலம், இரண்டாவது எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தோம். இருபது வருடமாக அப்பா நம்பர் மாற்றவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் 53 காப்பகங்களில் சிப்போடு வந்த 7,704 விலங்குகளைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிடிபட்டு வந்த எல்லா நாய்களிலும் 21.9 சதவீதம் வீடு திரும்பின, சிப் இருந்தவற்றில் 52.2 சதவீதம். பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது, 1.8 சதவீதத்துக்கு எதிராக 38.5. சிப் போடுகிறவர்கள் எப்படியும் கூடுதல் அக்கறையோடு தேடுகிறவர்களாக இருப்பார்கள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனால் அதே ஆய்வில் என்னை அதிகம் உறுத்திய எண் வேறு: காப்பகங்கள் பதிவேட்டைத் தொடர்புகொண்டு கேட்ட 1,943 விலங்குகளில் 58.1 சதவீதம்தான் அங்கே பதிவாகியிருந்தன. மீதிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு எதிரே எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கும் 2024 ஜூன் முதல் பூனைகளுக்கும் சிப் கட்டாயம், விவரத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதும் அந்தச் சட்டத்திலேயே அடங்கும். சென்னை மாநகராட்சியும் 2025-இல் வளர்ப்பு நாய் உரிமத்துக்கு ரேபிஸ் தடுப்பூசியோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. வரிசையில் நின்று ஊசி போட்டுவிட்டு வருகிறவர்கள், சிப் எண்ணின் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அது எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள், வீட்டில் இருக்கும் இரண்டு பேருடைய எண்ணைக் கொடுங்கள். வீடோ சிம்மோ மாறினால் கேஸ் கனெக்‌ஷனை மாற்றும் அதே வாரத்தில் இதையும் மாற்றிவிடுங்கள். வருடா வருடம் ரேபிஸ் ஊசிக்குப் போகும்போது ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

மீனுவுக்குப் போன மாதம்தான் ஊசி போட்டோம். டாக்டர் பிடரியில் தொடங்கி மெதுவாக இறங்க, அதே இடது முன்னங்காலுக்கு மேலே ‘பீப்’ வந்தது. தங்கை அட்டையில் இருந்த 15 இலக்கத்தையும் சத்தமாகப் படிக்க, டாக்டர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தலையாட்டினார். பிறகு பேனாவை எடுத்து ஸ்டிக்கருக்குக் கீழே, “இடது முன்னங்கால், மேல்பகுதி” என்று எழுதிக் கொடுத்தார்.