வெட்டு விழுமுன் பேசக்கூடியவர்கள்

இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வழக்குகளில் ஆஜராகும் சட்டத்தரணி நான். கத்திவெட்டில் முடிந்த வழக்குகளைக் கிண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் சின்ன விஷயம்தான் கிடக்கும். மாடு வயலுக்குள் இறங்கியிருக்கும், வேலி ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும், இல்லாவிட்டால் வாய்க்கால் தண்ணீரை யாரோ இரவில் மறித்திருப்பார்கள். பொலிசுக்கு இது வெட்டு விழுந்த பிறகுதான் தெரியும். கோயில் தர்மகர்த்தா, கமக்கார (விவசாயிகள்) அமைப்புத் தலைவர் என்று ஊர்ப் பெரியவர்களாக இருக்கும் உங்களுக்கு வாய்ச்சண்டையிலேயே தெரிந்துவிடும்.

காலபோகம் எனும் பெரும்போக நெற்செய்கைக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளையும் மாடுகளை வயற்பக்கமிருந்து அப்புறப்படுத்தும் நாளையும் தீர்மானிப்பார்கள். எழுதிவைப்பது சுகம், கேட்கவைப்பதுதான் பாடு. மாட்டுப் பட்டிக்காரரின் படலையில் போய் நின்று "தம்பி, திங்களுக்குள்ள மாட்டைக் கொண்டுபோயிடு" என்று சொல்லக்கூடிய ஒருவர் உள்ள ஊரில் கட்டாக்காலி மாட்டுச் சண்டை குறைவு. குறியைப் பார்த்தே யாருடைய மாடு என்று சொல்லும் ஆள் அவர். கள்ளமாடு ஏற்ற வருபவனும் அங்கே யோசித்துத்தான் வருவான்.

போரும் இடப்பெயர்வும் இந்த ஒழுங்கைக் குலைத்துப் போட்டன. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியவர்கள் பலரிடம் காணி அனுமதிப்பத்திரம் இல்லை. எல்லையாக நின்ற மரமும் இல்லை. பழைய எல்லை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே, விதானையாரையும் (கிராம அலுவலர்) இரு தரப்பையும் கூட்டிப்போய்ப் பார்த்து, எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சரிவராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும், பிணக்கைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபை இருக்கிறது. சிறு காயம், அத்துமீறி நுழைதல் போன்றவையும் அங்கே போகலாம். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை, அது நல்லதுதான்.

ஆனால் பெரியவர்கள் கைவைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. பிள்ளையைத் துஷ்பிரயோகம் செய்தவனைக் கோயில் வீதியில் வைத்து மன்னிப்புக் கேட்கவைப்பது, காசு வாங்கிக்கொடுப்பது, "அவனுக்கே கட்டிவைச்சால் முடிஞ்சுது" என்பது எதுவும் தீர்வல்ல. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாள் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. ஊர் மானத்துக்காக மூடிவைத்தால், அவன் அடுத்த பிள்ளையைத் தேடுவான். மனைவியை அடிப்பதும் அப்படித்தான். 2005இலிருந்து வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அடிபட்டவளைப் "பொறுத்துப் போ பிள்ளை" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அப்போது உங்கள் வேலை வேறு. தாயைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்குப் போங்கள். 1929 சிறுவருக்கும் 1938 பெண்களுக்கும் உள்ள உதவித் தொலைபேசி இலக்கங்கள். கோயில், தேவாலய, பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அதுவரை அந்தக் குடும்பத்தை ஊர் ஒதுக்காமலும், சாட்சியை யாரும் மிரட்டாமலும் பார்த்துக்கொள்ள உங்களைப் போல வேறு ஆளில்லை.