வளைய வேண்டிய இடத்தில் வளையும் பூட்ஸ்

கடலூருக்குத் தெற்கே கேப்பர் மலையின் செம்மண் சரிவில் விடியற்காலையில் நடக்கத் தொடங்கி, முந்திரித் தோப்புகளின் ஊடாக இறங்கி, நெல்வயல் வரப்புகளைக் கடந்து, உப்பங்கழியின் சேற்றை மிதித்து, சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடற்கரை மணலில் நடையை முடிப்பவருடைய பாதம் ஒரே நாளில் நான்கைந்து வகை நிலங்களைச் சந்தித்துவிடுகிறது. உருளும் சரளைக்கு ஏற்ற கனமான தோல் பூட்ஸ் சேற்றுக்கு ஆகாது. சேற்றுக்கென்று வாங்கிய முழங்கால் உயர ரப்பர் பூட்ஸுடன் மணலில் அரை கிலோமீட்டர் நடப்பதற்குள் கெண்டைக்கால் கடுக்கத் தொடங்கிவிடும். வலசைப் பறவைகளைப் பார்ப்பதற்காகப் பல ஆண்டுகளாக இப்படி நடந்து வருபவன் என்ற முறையில், இத்தனை நிலங்களுக்கும் பொதுவான ஒரு காலணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்வியை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை நெடுங்காலமாக எதிர்கொண்டவர்கள் மேலை நாட்டு வேட்டைக்காரர்கள். உழுத வயல், சதுப்பு, காடு என்று நாள் முழுவதும் மாறி மாறி நடக்க வேண்டியிருந்ததாலும், காலடி ஓசை கேட்காமல் நெருங்க வேண்டியிருந்ததாலும், எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் பூட்ஸை அவர்களில் பலர் விரும்பினர். தடித்த, விறைப்பான சோலுக்கு அடியில் காய்ந்த சுள்ளி அகப்பட்டால் அது முறிந்த பிறகுதான் காலுக்குத் தெரியும். மெல்லிய சோலாக இருந்தால், உடலின் பாரம் முழுவதும் இறங்குவதற்கு முன்பே பாதம் சுள்ளியை உணர்ந்து பின்வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆயினும் பைனாகுலருடன் நடப்பவருக்கும் அதே மெல்லடி தேவைப்படுகிறது. ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திவிட்டால் போதும், வயலில் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும்.

முதலில் எடையைப் பார்ப்போம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவருடைய உடல் ஏறத்தாழ ஒரே சீராக முன்னே செல்கிறது. பாதம் அவ்வாறு செல்வதில்லை. ஒவ்வோர் எட்டிலும் அது தரையில் முற்றிலும் நின்று, பிறகு கிளம்பி, உடலை முந்திச் சென்று, மீண்டும் நிற்கிறது. ஒரு நடைச் சுழற்சியில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் பாதம் தரையில் இருப்பதால், முழுத் தொலைவையும் அது மீதி 40 விழுக்காடு நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். ஆகவே காற்றில் இருக்கும்போது அதன் சராசரி வேகம் உடலின் வேகத்தைப் போல் இரண்டரை மடங்கு, அதாவது மணிக்கு 12.5 கிலோமீட்டர். பூட்ஸின் ஒவ்வொரு கிராமையும் இந்த வேகத்துக்கு முடுக்கி, பிறகு நிறுத்தும் வேலையைத் தொடைத் தசைகளும் இடுப்புத் தசைகளும் ஓயாமல் செய்கின்றன. முதுகுப் பையில் உள்ள எடைக்கு இந்த முடுக்கமும் நிறுத்தமும் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடத்திலிருந்து 1969-இல் வெளிவந்த ஆய்வு, காலில் கட்டிய எடைக்கு, அதே எடையை உடலில் சுமப்பதைவிட நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றல் செலவாவதாகக் காட்டியது. ஜோடி 1.8 கிலோ உள்ள பூட்ஸைக் கழற்றிவிட்டு 900 கிராம் உள்ளதை அணிபவர், முதுகிலிருந்து சுமார் நான்கரை கிலோவை இறக்கி வைத்ததற்கு ஒப்பான ஓய்வைப் பெறுகிறார். மணலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஏனெனில் ஒரே வேகத்தில் நடந்தாலும் கெட்டித் தரையைவிட மணலில் 2.1 முதல் 2.7 மடங்கு வரை ஆற்றல் செலவாவதாக 1998-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து கூறியது.

எடையைத் தராசில் நிறுத்து அறிந்துகொள்ளலாம்; வளைவை அப்படி அறிய முடியாது. மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை அடியில் கட்டி வைத்திருக்கும் உறுதியான நார்ப்பட்டை குதிகால் எலும்பிலிருந்து கிளம்பி விரல்களின் அடிமூட்டுகளைத் தாண்டிச் செல்கிறது. நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றியபடியே, கட்டைவிரலை மட்டும் கையால் மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள். பாதத்தின் உட்புற வளைவு தானாக உயர்வதையும், உள்ளங்கால் வீணை நரம்பு போல விறைப்பதையும் காணலாம். கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலேறுவதைப் போல, விரல் வளையும்போது நார்ப்பட்டை அடிமூட்டைச் சுற்றி இழுபட்டுப் பாதத்தைக் குறுக்கி இறுக்குகிறது. ஜே. எச். ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-இல் விளக்கிய இந்த இயக்கத்தினால்தான், தரையில் படியும்போது நெகிழ்ந்து மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமரும் அதே பாதம், அடுத்த நொடியில் உடலை உந்தித் தள்ளும் நெம்புகோலாக மாறுகிறது.

ஆகவே பூட்ஸ் வளைய வேண்டிய இடம் விரல்களின் அடிமூட்டு. அங்கே வளையாத சோல் இந்த இறுக்கத்தை நிகழவிடாமல் தடுக்கிறது. அதோடு, பாதம் வளைய முயலும்போது குதிகால் பூட்ஸின் உள்ளே மேலும் கீழுமாக உரசிக் கொப்புளம் உண்டாகிறது. மாறாக, நடுப்பாதத்தில் மடங்கும் சோல் இன்னும் மோசமானது. நெம்புகோல் நடுவில் ஒடிந்தால் அதனால் தள்ள முடியாது. அந்தச் சுமை முழுவதும் நார்ப்பட்டையின் மேல் விழுந்து, மறுநாள் காலையில் குதிகாலை ஊன்ற முடியாத வலியாக வெளிப்படலாம். நல்ல பூட்ஸில் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை நைலான் தகடு ஒன்றைச் சோலுக்குள் வைப்பதற்குக் காரணம் இதுதான். கடையில் பூட்ஸின் முன்நுனியையும் குதிகாலையும் இரு கைகளாலும் பிடித்து அழுத்தினால், மடிப்பு முன்புற மூன்றில் ஒரு பகுதியில் விழ வேண்டும். நடுவில் விழுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முறுக்குவதில் மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். கேப்பர் மலையின் உருண்டைக் கற்களில் ஒன்றின் மேல் சோலின் ஓரம் படுவதாக வைத்துக்கொள்வோம். விறைப்பான சோல் பலகையைப் போல மொத்தமாகச் சாய்ந்து கணுக்காலையும் உடன் சாய்க்கும். சற்றே முறுக்கிக்கொள்ளும் சோலில், முன்பாதம் கல்லின் மேல் சாய்ந்திருக்கும்போதே குதிகால் நேராக நிற்கும். சோல் தடிக்கத் தடிக்கக் கணுக்கால் தரையிலிருந்து உயர்ந்து, அதைப் பிரட்டும் நெம்புவிசையும் கூடுகிறது.

சேற்றில் வளையும் சோலுக்கு இன்னொரு நன்மை உண்டு. களிமண்ணில் அழுந்திய பாதத்தைத் தூக்கும்போது அடியில் காற்று புக வழியில்லாததால் வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்றின் அழுத்தம் பூட்ஸைக் கீழே பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமம். விறைப்பான சோல் தன் பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பெயர்க்க வேண்டும். வளையும் சோலோ குதிகாலிலிருந்து தொடங்கி, சுவரொட்டியை ஓரத்திலிருந்து உரிப்பதைப் போல, சிறிது சிறிதாகக் காற்றை உள்ளே விட்டுக்கொண்டு எழும்புகிறது. வளையும் ஒவ்வொரு முறையும் சோலின் அடியில் பிடிப்புக்காகத் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன்களின் இடைவெளி அகன்று, ஒட்டிய களியும் உதிர்கிறது. பட்டன்கள் நெருக்கமாக இருந்தால் பிச்சாவரத்துச் சேறு அவற்றை அடைத்துக்கொண்டு, நூறடி நடப்பதற்குள் 900 கிராம் பூட்ஸை ஒன்றரைக் கிலோ ஆக்கிவிடும்.

நீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ் நம் கடற்கரைக்குத் தேவையா என்று பலர் கேட்கின்றனர். அந்தச் சவ்வின் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுத்து நீராவியை வெளியேற விடுபவை. ஆனால் நீராவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வேறுபாடே ஆகும். வியர்த்த பாதம் 34 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 5.3 கிலோபாஸ்கல் ஆவியழுத்தத்தை உண்டாக்குகிறது. 10 டிகிரி குளிரில் 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஊரில் வெளிக்காற்றின் ஆவியழுத்தம் 0.7 அளவே என்பதால் வேறுபாடு 4.6. கடலூரிலோ புதுச்சேரியிலோ 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காலையில் வெளியே 3.4, வேறுபாடு 1.9 மட்டுமே. வியர்வை வெளியேறும் வேகம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மேலும், கழியில் கணுக்காலுக்கு மேல் நீர் ஏறினால் அது வாய்வழியே உள்ளே புகுந்து, அதே சவ்வினால் வெளியேற முடியாமல் தங்கிவிடும். ஆதலால் இங்கே வலைத்துணி வைத்த, நனைந்தாலும் விரைவில் உலரும் பூட்ஸையே நான் பரிந்துரைக்கிறேன்.

நம் காற்றின் ஈரம் சோலையும் விட்டுவைப்பதில்லை. சில ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்த, அதிகம் தேயாத என் பூட்ஸின் சோல் ஒரு ஜனவரிக் காலையில் உப்பங்கழியின் நடுவே காய்ந்த ரொட்டியைப் போலப் பொடிந்து உதிர்ந்தது. மீதி இரண்டு கிலோமீட்டரையும் சோல் இல்லாத பூட்ஸை வேட்டியில் கிழித்த துணியால் கட்டிக்கொண்டு கடந்தேன். சோலில் மெத்தை போல வைக்கப்படும் பாலியூரித்தேன் நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெப்பமும் ஈரமும் சேர்ந்து மெல்ல அறுத்துவிடுகின்றன. அணியாமல் வைத்திருப்பது அதைத் தடுப்பதில்லை. ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிடேட்) என்ற இன்னொரு வகை நுரைக்கு இந்தக் குறை இல்லை, எடையும் குறைவு. ஆனால் அது நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும். பழைய பூட்ஸை எடுக்கும்போது நுரைப் பகுதியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தாலோ, பொடி ஒட்டினாலோ அதை அணிந்து கிளம்ப வேண்டாம்.

வாங்கச் செல்வது மாலை நேரமாக இருக்கட்டும். பகலில் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நீங்கள் நடக்கப்போவதும் அந்தப் பாதத்தோடுதான். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பதினைந்து, இருபது கிலோ சுமையோடு பாறைச் சரிவில் ஏறுபவருக்கும், சர்க்கரை நோயினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கும் இந்த மெல்லிய வகை பொருந்தாது. பின்னவர் மருத்துவரைக் கேட்டே காலணி வாங்க வேண்டும். கண்ணாடிவிரியன் உலவும் வரப்புகளில் வலைத்துணி பூட்ஸைப் பாதுகாப்பென்று நம்பக் கூடாது. கையில் தடியும், அடுத்த அடி விழும் இடத்தில் கண்ணும் இருக்க வேண்டும்.

சீமைக் கருவேல முள்ளுக்கும் மெல்லிய சோல் முழுத் தடையாகாது. குத்தும்போது ஒடிந்து ரப்பருக்குள் தங்கிவிடும் முள், ஒவ்வோர் எட்டிலும் சிறிது சிறிதாக மேலேறி, இரண்டு மூன்று நாள் கழித்தே உள்ளங்காலைத் தொடும். ஆகவே வீடு திரும்பியதும் பூட்ஸை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்கிய பிறகு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் கவிழ்த்து வைப்பதற்கு முன், சோலைச் சற்று வளைத்துப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வளைவில் ரப்பர் விரியும்போது ஒடிந்த முள்ளின் கருமுனை வெளியே தெரியும், அப்போதே குறடால் பிடுங்கிவிடலாம்.