வீடு திரும்பிய பின்னும் நீடிக்கும் மூச்சிரைப்பு: முன்கூட்டியே கணிப்பது எப்படி?

கொரோனா தொற்றுக்காகச் சேலத்தில் மருத்துவமனையில் சேர்ந்து, உடல் தேறி ஏற்காட்டுக்குத் திரும்பும் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். கட்டிலில் இருந்தவரை சீராக இருந்த மூச்சு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தை விட்டிறங்கி, தோட்டத்து மேட்டில் நாலடி வைத்ததுமே இரைக்கத் தொடங்குகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், முழுதும் ஆறாத நுரையீரலின் குறை அங்கே எளிதில் வெளிப்பட்டுவிடலாம்.

தொற்று கண்டு 3 மாதங்களுக்குப் பிறகும் காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தனி நிலையாக வரையறுத்தது. அது யாருக்கு வரும் என்பதைக் கணிக்க, முன்னர் வீடு திரும்பிய பலரின் வயது, பாலினம், உடல் எடை, சர்க்கரை நோய், வென்டிலேட்டர் தேவைப்பட்டதா என்பன போன்ற விவரங்களை, பல மாதங்கள் கழித்து அவர்கள் இருந்த நிலையோடு பொருத்திப் பார்த்து, எந்த விவரம் எவ்வளவு முன்னுணர்த்துகிறது என்று கணக்கிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய கொரோனா நோயாளிகளைப் பின்தொடர்ந்து பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ப் கோவிட் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் முழுமையாகக் குணமானதாகக் கூறியவர்கள் சுமார் 29 விழுக்காட்டினர் மட்டுமே; பெண்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கும் அந்த வாய்ப்பு இன்னும் குறைவாக இருந்தது. கொரோனாவால் உயிரிழக்கும் அபாயம் ஆண்களுக்கே கூடுதல் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், உயிராபத்தைக் கணிக்கும் கணக்கு நீடித்த அறிகுறிகளைக் கணிக்க அப்படியே உதவாது என்பது புரியும்.

40 விழுக்காடு அபாயம் என்று கணிக்கப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 40 பேருக்கு உண்மையிலேயே அறிகுறி நீடித்தால்தான் அந்தக் கணிப்பு நம்பத்தக்கது. பிரிட்டன் நோயாளிகளைக் கொண்டு அமைத்த கணக்கைச் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்காரர்களிடம் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அப்படிச் சரிபார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தோன்றும் சிக்கல், மறுபரிசோதனைக்கு வராதவர்கள். நன்றாகத் தேறியவர் வருவதில்லை. மூச்சிரைப்பால் பேருந்து நிறுத்தம்வரை நடக்க இயலாதவரும், ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவரும் வருவதில்லை. வந்தவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, எந்தப் பக்கம் பிழைபடுகிறது என்பதே தெரியாமல் பிழைபடும்.

ஆகவே வீட்டுக்கு அனுப்புமுன், விரலில் ஆக்சிஜன் அளவியை மாட்டி, 30 மீட்டர் தாழ்வாரத்தில் 6 நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தையும் ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். 3 மாதம் கழித்து கிராமச் செவிலியர் வீடு தேடிச் சென்று, மேட்டில் ஏறும்போது முன்பு நிற்காத இடத்தில் இப்போது நிற்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதினால், வராதவர்களின் விடையும் கணக்கில் சேரும்.